ஜோவோ ஜில்பர்டோவின் குரலும் ஒலிப்பதிவும்

பிரேசிலின் போசா நோவா பாடகர் ஜோவோ ஜில்பர்டோ (1931–2019) உரத்துப் பாடாதவர். குரலில் அசைவு சேர்க்காமல், பேசும் அளவிலேயே பாடுவார். கிதாரின் தாளத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சொற்களை நகர்த்துவது அவர் பாணி. மைக் மிக அருகில் இருந்தால்தான் இந்த நுட்பம் காதில் விழும்.

1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவான ‘கெட்ஸ்/ஜில்பர்டோ’ இசைத்தட்டைக் கிரீட் டெய்லர் தயாரித்தார். ஒலிப்பதிவு பில் ரமோன். குரல் நெருக்கமாகவே பதிவாகியுள்ளது. ஆனால் ஸ்டான் கெட்ஸின் சாக்ஸபோன் நுழைந்ததும் மற்ற அனைத்தும் பின்னால் தள்ளப்படுகின்றன. இதைவிடப் பெரிய இழப்பு ‘தி கேர்ள் ஃப்ரம் இபனிமா’ பாடலுக்கு நேர்ந்தது. இசைத்தட்டில் ஐந்து நிமிடத்திற்கும் மேல் நீளும் அப்பாடலை ஜோவோ போர்ச்சுக்கீசிய மொழியில் தொடங்க, அவர் மனைவி அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் தொடர்வார். 1964-இல் வெளியான தனிப்பாடல் தட்டிலோ ஜோவோ பாடிய பகுதி முழுவதும் வெட்டப்பட்டது. வணிகக் கணக்கு பலித்தது. பாட்டு உலகெங்கும் ஒலித்தது. தாளத்தோடு விளையாடும் குரலை அடுத்து அலங்காரமற்ற குரல் வருவதன் அழகு மட்டும் போயிற்று.

அவர் பெயரிலேயே 1973-இல் வந்த தொகுப்பு இதற்கு நேர்மாறானது. ஒலிப்பதிவு வெண்டி கார்லோஸ். மின்னணுக் கருவியில் பாக்கின் இசையை வாசித்துப் புகழ்பெற்றவர் இங்கே எதையும் சேர்க்காமல் இருந்தது வியப்பே. பெரும்பாலும் குரல், கிதார், மெல்லிய தாளம், அவ்வளவுதான். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. 1977-இன் ‘அமோரோசோ’வில் கிளாஸ் ஓகர்மனின் வயலின் கூட்டிசை இனிமையானதுதான், கிதாரைத்தான் தேடிக் கேட்க வேண்டியிருக்கிறது.