மிதிபடும் மலர்கள்: இம்ரான் குரைஷியின் தரை ஓவியங்கள்

கையளவுத் தாளுக்குள் ஓர் உலகை அடக்குவது சிற்றோவியம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மெருகேற்றிய வஸ்லியின் மீது, அணில்முடித் தூரிகையால் இழையிழையாக, நாட்கணக்கில் வரையப்படுவது அது. லாகூரின் தேசியக் கலைக் கல்லூரி இக்கலையைத் தனித் துறையாகவே பயிற்றுவிக்கிறது. 1972இல் பாகிஸ்தானின் ஹைதராபாத்தில் பிறந்த இம்ரான் குரைஷி அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியரும் ஆனவர். இத்தகைய பயிற்சியில் ஊறிய ஒருவர் முற்றத்தையும் மொட்டைமாடியையும் தம் தாளாக்கிக்கொண்டபோது, சிற்றோவிய மரபைத் துறந்துவிட்டார் என்றே பலருக்கும் தோன்றும். உண்மை அதற்கு மாறானது.

2011ஆம் ஆண்டு ஷார்ஜா பியனாலேயில், பைத்துல் ஸர்கால் என்னும் பழைய இல்லத்தின் முற்றத்தில் அவர் செவ்வண்ணத்தைச் சிதறவிட்டார். அப்படைப்புக்கு அவ்விழாவின் பரிசும் கிட்டியது. 2013ஆம் ஆண்டு மே முதல் நவம்பர் வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக மாடியில், ஏறத்தாழ 8,000 சதுர அடித் தரையில், அதே முறையை விரிவாக்கினார். அதன் தலைப்பு ஃபைஸ் அஹ்மத் ஃபைஸ் 1974இல் டாக்கா சென்று திரும்பியபின் எழுதிய கவிதையிலிருந்து பெறப்பட்டது. 1971இன் இரத்தக்கறை எத்தனை மழையில் நீங்கும் என்னும் வினா, அவ்வாறு வானத்தை நோக்கித் திறந்த ஒரு தளத்தில் எழுப்பப்பட்டது.

தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது கொலைக்களம். குனிந்து நோக்கினால், ஒவ்வொரு சிதறலுக்குள்ளும் சிற்றோவிய மரபின் இலைகளும் இதழ்களும் விரிகின்றன. வண்ணம் கொட்டுவது கணநேரச் செயல். இதழ் வரைவதோ தரையில் அமர்ந்து பொறுமையுடன் ஆற்றும் பணி. சிற்றோவியம் தன்னைக் காண்பவரை அருகே அழைத்துத் தலை குனியச் செய்யும். குரைஷியின் தரையும் அதையே செய்கிறது. அளவு மாறியிருக்கிறது, பார்வையின் ஒழுக்கம் மாறவில்லை.

இங்கே ஒரு கண்டனம் எழுவது இயல்பு. குருதியை மலராக்குவது துயரை அலங்காரமாக்குவதாகாதா? சுவரில் மாட்டிய ஓவியமாக இருந்திருப்பின் இக்கண்டனம் முற்றிலும் பொருந்தியிருக்கும். ஆனால் இம்மலர்களைப் பார்க்க வருபவர் அவற்றை மிதித்தே செல்ல வேண்டும். அழகை உணரும் அதே கணத்தில் அதன்மேல் தம் பாதம் பதிந்திருப்பதையும் அவர் உணர்கிறார். விலகி நின்று இரங்கும் வசதி அவருக்கு மறுக்கப்படுகிறது.

எனினும் வேறோர் அபாயம் உண்டு. ஷார்ஜாவிலும் சிட்னியிலும் நியூயார்க்கிலும் அதே செவ்விதழ் மலரும்போது, அது ஒரு துயரின் சுவடாக இல்லாமல் கலைஞரின் முத்திரையாகிவிடக்கூடும். எந்த மண்ணில் சிந்திய குருதி என்னும் கேள்வி மங்கினால், எஞ்சுவது வடிவம் மட்டுமே. ஆயிரக்கணக்கான அச்சுத் தாள்களைக் கசக்கி மலையாகக் குவித்து 2013இல் அவர் அமைத்த நிறுவல், தம் படிமத்தைத் தாமே நொறுக்கிப் பார்க்கும் முயற்சியாகத் தோன்றுகிறது. அம்முயற்சி வரவேற்கத்தக்கது.

மெட்ரோபாலிட்டன் மாடியில் அடுத்த ஆண்டு டான் கிரஹாமின் படைப்பு இடம்பெற்றது. குரைஷியின் செம்மை அங்கிருந்து அகன்றுவிட்டது. ஃபைஸ் கேட்ட கறையோ எந்த ஊழியராலும் துடைக்க இயலாதது. தரையிலிருந்து அழிவது எது, வரலாற்றிலிருந்து அழியாதது எது என்னும் வேறுபாட்டை இக்கலை தன் மறைவினாலேயே உணர்த்துகிறது. அது நிலைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்க இயலாது.