முள் எந்தப் பக்கம் பிசகுகிறது?

எம்ஜிபி காரின் பெற்றோல் முள்ளை நம்பக் கூடாது என்பார்கள். அது புகார், திறனாய்வு ஆகாது. எல்லா மானியும் ஒருநாள் பிசகும். எந்தப் பக்கம் பிசகுகிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. மட்டக்களப்பில் இது வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, காத்தான்குடிப் பக்கத்தில் உப்புக்காற்று மானியின் ஏர்த் இணைப்புகளை விட்டுவைப்பதில்லை.

1962இல் வெளிவந்த முதல் எம்ஜிபிகளில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மானி இரு சுருள்களின் காந்த இழுபறியில் இயங்கியது. பற்றரி வோல்ற் ஏறி இறங்கினாலும் இரு சுருளும் ஒருசேரப் பாதிக்கப்படுவதால் அளவு மாறாது. நேர்த்தியான சிந்தனை. ஆனால் வளைவில் பெற்றோல் தளம்பினால் முள்ளும் தளம்பும். அதைப் பொறுக்கலாம். தாங்கியிலிருந்து வரும் வயர் அறுந்தால் முள் 'ஃபுல்' காட்டும். அதைப் பொறுக்க முடியாது.

1960களின் நடுவில் வந்த ஈருலோகத் தகட்டு மானி இவ்விரண்டையும் திருத்தியது. சாவி திருப்பியதும் முள் துள்ளாது. தகடு சூடேறி வளைய வளைய மெல்ல எழுந்து நிற்கும். குண்டும் குழியுமான தெருவிலும் அசையாது. வயர் அறுந்தால் காலி என்றே காட்டும். ஓட்டுநர் வழியில் நிற்கமாட்டார்.

இந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. சூட்டை நம்பும் மானிக்குச் சீரான மின்சாரம் வேண்டும். அதனால் டாஷ்போட்டின் பின்னால் ஒரு சிறு ஸ்டெபிலைசர் பெட்டி, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ற்றில் நிறுத்துகிறது. அதன் ஏர்த், பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணி வழியாகவே போகிறது. அத்திருகாணியின் அடியில் துரு படர்ந்தால் விட்டுவிட்டுக் கொடுப்பது நின்று, முழு வோல்ற்றும் பாயும். சூடு வோல்ற்றின் வர்க்கமாக ஏறுவதால், 10க்குப் பதில் 14 வந்தால் தகட்டைச் சூடாக்கும் சுருளின் சூடு ஏறத்தாழ இரட்டிக்கும். பாதித் தாங்கி ஃபுல்லை நெருங்கிக் காட்டும். தாங்கிப் பக்க ஏர்த்தும் சேர்ந்து கெட்டாலோ, அது முள்ளைக் கீழே இழுக்கும். இரு பிழையும் ஒன்றையொன்று மறைத்து, முள் சரியாக இருப்பதுபோல் நிற்கும். கராஜில் ஆளை அலைக்கழிப்பது இந்த நிலைதான்.

ஆகவே என் தீர்ப்பு: பிந்திய மானியே மேல். அதன் கொள்கையில் குறையில்லை. ஏர்த்தை ஒரு திருகாணியிடம் ஒப்படைத்த பொருத்தலில்தான் குறை. மின்னணு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுவோர் பாதி வேலையே செய்கிறார்கள், அதற்கும் ஏர்த் வேண்டுமே. துருவைச் சுரண்டி, பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துக் காரின் உடலில் இறுக்குவதே முறை. மூலத் தோற்றம் கெடக் கூடாது என்பாருக்கும் அந்த வயர் கண்ணில் படாது.