பிடிலுக்குக் கீழே ஒரு கிதார்

அமெரிக்காவின் தென்கிழக்கே அப்பலேச்சிய மலைச்சாரல்களில், ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறிய ஜனங்கள் தங்களோடு கொண்டுவந்து, ஆப்பிரிக்க வம்சத்தாரின் பான்ஜோவோடும் அவர்களுடைய லய உணர்ச்சியோடும் கலந்து வளர்த்த நாட்டியப் பிடில் மெட்டுக்கள் உருவத்தில் மிகச் சிறியவை. எட்டு ஆவர்த்தனம் கொண்ட ஒரு பகுதி, அதையே மறுபடியும் ஒருமுறை. பிறகு எட்டு ஆவர்த்தனம் கொண்ட இன்னொரு பகுதி, அதுவும் மறுபடியும் ஒருமுறை. ஆக 32 ஆவர்த்தனத்தில் மெட்டு முடிந்து திரும்பவும் தொடங்கிவிடும். நடனத்துக்குரிய வேகத்தில், நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் அரை நிமிஷந்தான். இவ்வளவு சிறிய வஸ்துவை வாழ்நாள் முழுவதும் வாசித்தும் ஒருவருக்கு அலுப்புத் தட்டுவதில்லை என்றால், அதன் ரகசியத்தில் பாதி மெட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கிதாரில் இருக்கிறது. தனியே உட்கார்ந்து, பதிவு செய்த கிதாரைத் துணையாகக் கொண்டு அப்பியாசம் செய்கிறவர்களுக்கு இது வெகு சீக்கிரம் விளங்கிவிடும்.

இத்தனைக்கும் கிதார் இந்தச் சங்கீதத்தில் பிந்தி வந்து சேர்ந்த வாத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைவாசிகள் பெரும்பாலும் பிடிலைத் தனித்தோ, பான்ஜோவைச் சேர்த்துக்கொண்டோதான் வாசித்துவந்தார்கள். தபால் மூலம் வியாபாரம் செய்த கம்பெனிகளிடமிருந்து மலிவான கிதார்களை வரவழைக்கும் வழக்கம் பரவிய பிறகே அது அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் இடம் பிடித்தது. 1922-இல் டெக்ஸாஸில் வளர்ந்த எக் ராபர்ட்ஸன் நியூயார்க்குக்குச் சென்று விக்டர் கம்பெனிக்காக ‘ஸாலி குடன்’ என்ற மெட்டைப் பதிவு செய்தபோது அவர் பக்கத்தில் வேறு வாத்தியம் எதுவும் இல்லை. நாலே வருஷங்களுக்குப் பின், 1926-இல், ஜார்ஜியாவின் ‘ஸ்கில்லெட் லிக்கர்ஸ்’ கோஷ்டியார் கொலம்பியா கம்பெனிக்கு வாசித்தபோது, பிடில்களுக்கு அடியில் கண்பார்வை இல்லாத ரைலி பக்கெட்டின் கிதார் ஒலித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கிற ரஸிகருக்கு, கிதாரின் வரவால் பிடிலுக்குக் கிடைத்த பலம் இன்னதென்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

கிதார் செய்கிற காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் கட்டைவிரலோ மீட்டுங்கட்டையோ ஒரு மந்தர ஸ்வரத்தைத் தனியே தட்டுகிறது. அடியின் பின்பாதியில் மேல் தந்திகளைச் சேர்த்து ஒரு வருடல். அடுத்த அடியில் மந்தர ஸ்வரம் மாறுகிறது: முதலில் ஆதார ஸ்வரம், பிறகு அதன் பஞ்சமம். அவ்வளவுதான், ஆனால் பிடில்காரரின் வில்லுக்கு இதுவே சகலமும். நீளமாக ஒரு வீச்சு, குறுகலாக இரண்டு வீச்சு என்று வில்லை ஓட்டும் பிரயோகத்தில், நீண்ட வீச்சு மந்தர ஸ்வரத்தோடு பிறந்து, குறுகிய இரண்டும் அந்த வருடலின்மீது விழுகின்றன. தனியே வாசிக்கும்போது கை அந்தக் குறுகிய வீச்சுக்களை எப்போதும் அவசரப்பட்டு முடித்துவிடப் பார்க்கும். கிதார் கேட்கும்போது, அவை வந்து உட்கார வேண்டிய இடம் இன்னதென்று காது கண்டுகொண்டு கையைப் பிடித்து நிறுத்துகிறது.

லயத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. நம் ஊரில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு சாதகம் செய்கிறவர்களுக்கு ஆதாரம் அசையாது. இங்கேயோ ஆதாரமே நகர்கிறது. ‘ஏஞ்ஜலின் தி பேக்கர்’ என்ற மெட்டை எடுத்துக்கொள்ளலாம். 1850-இல் ஸ்டீபன் ஃபாஸ்டர் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து கிளைத்து, ஜனங்களின் கையில் உருமாறிய மெட்டு இது. பெரும்பாலோர் இதற்கு டி, ஜி என்ற இரண்டே கார்டுகளைத்தான் வாசிப்பார்கள். பிடில்காரர் டி என்ற வெறுந்தந்தியை மெட்டோடு சேர்த்து இடைவிடாமல் ஒலிக்க விட்டிருப்பார். கிதார் டி கார்டில் இருக்கும் வரையில் அந்தத் தந்தி ஆதார ஸட்ஜமாக நிற்கிறது. கிதார் ஜி-க்கு நகர்ந்த மாத்திரத்தில், விரலும் வில்லும் இம்மியும் மாறாதிருக்க, அதே நாதம் பஞ்சமமாகிவிடுகிறது. பி என்ற ஸ்வரத்தின் கதையும் அப்படியே: டி கார்டின்மேல் நிலைகொள்ளாமல் தொங்குவது, ஜி கார்டின்மேல் அங்கேயே பிறந்ததுபோல் அமைதி பெறுகிறது. மெட்டை மட்டும் நூறு முறை உருப்போட்டாலும் கைவராத இந்த அர்த்த பேதம், கிதாரோடு பத்து முறை நிதானமாக வாசித்தால் தானே செவியில் ஊறிவிடும்.

சுருதி விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. கிதாரின் மெட்டுக்கட்டைகள் சம அளவாகப் பகுத்து அமைத்தவை. ஆகவே டி கார்டில் அதன் மேல்தந்தியில் ஒலிக்கும் எஃப் ஷார்ப், வெறுந்தந்தியோடு முழுமையாக இழையும் காந்தாரத்தைவிட, அரை ஸ்வரத்தை நூறு கூறாக்கினால் ஏறத்தாழ 14 கூறு உயரத்தில் இருக்கும். காது கூர்ந்த பிடில்காரரின் விரல், இயல்பாகவே, அதற்குக் கீழே போய் நிற்கும். ஆனால் பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் இரண்டு கூறுதான். ஆகையால் மந்தர ஸ்வரங்களை ஓங்கித் தட்டி மேல்தந்திகளை லேசாக வருடிவிடும் கிதார், பிடிலின் காந்தாரத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. மேல்தந்திகளைப் பலமாக அறைந்து வாசித்த பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம். டிரம்மும், போதாததற்கு வேறு இரண்டொரு வாத்தியங்களும் சேர்த்த பதிவுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; அப்பியாசத்துக்கு உதவும் பதிவு, மிகக் குறைவாகப் பேசும் ஒற்றைக் கிதார்தான்.

ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதிவு செய்து, விடுபட்டதைச் சாதகர் தாமே வாசித்து நிரப்பும்படி செய்வது புதிய யோசனை அல்ல. 1950-லேயே அமெரிக்காவில் ‘மியூஸிக் மைனஸ் ஒன்’ என்ற கம்பெனி அத்தகைய தட்டுக்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் தட்டைச் சுழற்றும் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கிவிடும். இன்றைய கணினி அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டது. நிமிஷத்துக்கு 60 அடி, 70 அடி என்று வேண்டிய விளம்ப காலத்தில் ஓடவிட்டாலும் டி டியாகவே இருக்கிறது. விளம்ப காலத்தில் வாசிப்பது சோம்பலுக்கு இடம் என்று எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். இரண்டு மந்தர ஸ்வரங்களுக்கு நடுவே அத்தனை வெளி கிடக்கும்போது, வில்லின் தயக்கம் ஒவ்வொன்றும் அப்பட்டமாக வெளியே தெரியும்.

பதிவு செய்த கிதார் யாருக்காகவும் காத்திராது. மலைநாட்டுப் பழைய மெட்டுக்களில் ஓரிரண்டு அடி கூடியோ குறைந்தோ வரும் கோணல் மெட்டுக்கள் சில உண்டு. எல்லாவற்றையும் எட்டெட்டாக எண்ணும் யந்திரத்தோடு அவற்றை வாசிப்பது வீண் வேலை. நேர் மெட்டுக்களில் கை பழகிய பிறகு, பக்கெட்டின் பழைய தட்டுக்களையே கூட வைத்து வாசிப்பதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அவருடைய மந்தர ஸ்வரங்கள் இரண்டில் நிற்காமல், ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக இறங்கியும் ஏறியும், சில வேளை இரட்டிப்பு வேகத்தில் பாய்ந்தும் செல்லும். ஒற்றைக் கிதாரின் எளிய தட்டலில் காது தேறியவருக்குத்தான் அந்தப் பாய்ச்சலில் அடி தவறாது. அந்தக் காலத்துத் தட்டுக்களின் சுருதி இன்றைய சுருதிக்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும் என்பதால், வாசிக்கத் தொடங்குமுன் பிடிலின் பிருடைகளை அதற்கேற்பத் திருகிக்கொள்ள வேண்டும்.