வின்சர் மக்கேயின் கலையும் அதன் எசமானர்களும்

சித்திரக்கதை என்றதும் அது சிறுவர்க்கான பொழுதுபோக்கெனக் கூறி ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். மறுபுறத்தே, கலைஞனொருவனின் கைத்திறனைக் கண்டு வியப்பதோடு அமைந்து, அத்திறன் யாருக்காக, எத்தகைய நிலைமைகளிற் செயற்பட்டது என்ற வினாவை எழுப்பாதோரும் உளர். இவ்விரு சாராரும் காணத் தவறும் உண்மையொன்றை அமெரிக்கக் கலைஞர் வின்சர் மக்கேயின் வாழ்க்கை தெளிவாக உணர்த்துகின்றது. பத்திரிகைச் சித்திரக்கதை, அசையும் சித்திரக் குறும்படம் ஆகிய இரு துறைகளிலும் அவர் முன்னோடி. அவர் 1934இல் மறைந்தார். அவருடைய குறும்படங்களுள் மூன்று, 1991, 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. புகழுக்குக் குறைவில்லை. நாம் வேண்டுவது மதிப்பீடு.

சின்சினாட்டி நகரின் மலிவான காட்சிச்சாலைகளுக்கு விளம்பரப் படங்கள் தீட்டிப் பிழைத்த மக்கே, 1903இல் நியூயோர்க் சென்று ‘ஹெரால்ட்’ பத்திரிகையிற் சேர்ந்தார். பத்திரிகை முதலாளிகள் விற்பனைக்காகத் தம்முட் கடும்போட்டியில் இறங்கியிருந்த காலம் அது. ஞாயிறுதோறும் வெளிவந்த வண்ணச் சித்திரப் பக்கம் அப்போட்டியின் ஆயுதங்களுள் ஒன்று. சித்திரக்கதை என்னும் வடிவம் வெகுசனங்களை அடைந்தது இப்போட்டியின் விளைவாகவே. ஆயின் பிறந்த இடம் எதுவாயினும், ஒரு கலைவடிவத்தின் ஆற்றல் அவ்விடத்தோடு முடிந்துவிடுவதில்லை.

1905 ஒக்ரோபர் 15ஆம் நாள் தொடங்கிய ‘உறக்கநாட்டில் சின்ன நீமோ’ இதற்குச் சான்று. சிறுவன் நீமோ வாரந்தோறும் கனவுலகிற் பயணம் செய்கிறான். இறுதிக் கட்டத்திற் கட்டிலில் விழித்தெழுகிறான். 1908இல் வெளிவந்த ஒரு பக்கத்தில், அவனுடைய கட்டிலின் கால்கள் நீண்டு வளர, அது நகரக் கட்டடங்களைக் கடந்து நடக்கிறது. கால்கள் நீளுந்தோறும் சித்திரக் கட்டங்களும் உயர்ந்துகொண்டே செல்கின்றன. கதை சொல்லும் பணியில் எழுத்துக்கு இணையாகப் பக்கத்தின் அமைப்பையே ஈடுபடுத்திய இத்துணிவு அக்காலத்திற்குப் புதியது.

அதே ஆண்டிற் சேரிப் பகுதியொன்றுக்கும் நீமோ செல்கிறான். கையிலுள்ள மந்திரக்கோலால் குடிசைகளை மாளிகைகளாகவும் குப்பைமேடுகளைப் பூங்காக்களாகவும் மாற்றுகிறான். நகரத்து வறுமை கலைஞரின் கண்ணிற் பட்டிருக்கிறது. அவர் மனத்தையும் தொட்டிருக்கிறது. எனினும் வறுமையின் காரணத்தை நாடாமல் அவர் மந்திரக்கோலை நாடினார். பின்னர் 1921இல் வெளிவந்த ‘பறக்கும் வீடு’ என்ற குறும்படத்திலும் இதையே காண்கிறோம். வீட்டுக் கடனின் வட்டிச் சுமையைத் தாங்காத ஒருவன், வீட்டிற்கே இறக்கைகளும் இயந்திரமும் பொருத்தி, மனைவியோடு வானிற் பறந்து தப்புகிறான். கடன்பட்ட குடும்பத்தின் ஏக்கத்தை இதனினும் நகைச்சுவையோடு காட்டல் அரிது. ஆனால் அதுவும் கனவாகவே முடிகின்றது. துன்பம் மெய்யானது, தீர்வோ விழிப்புடன் மறைவது. மக்கேயின் கற்பனையின் வீச்சும் எல்லையும் இங்கே ஒருங்கே புலப்படுகின்றன.

இன்னொரு குறையையும் மறைத்தலாகாது. நீமோவின் தோழனாக வரும் ‘இம்ப்’ என்னும் ஆபிரிக்கச் சிறுவன், அக்கால வெள்ளை நிறவெறியின் கேலியுருவாகவே வரையப்பட்டான். மாளிகைத் தூண்களின் நிழலை நுணுக்கமாகக் கண்ட கண், ஒரு மனிதக் குழந்தையின் முகத்தைக் காணவில்லை.

மக்கேயின் திரைப்பட முயற்சி உழைப்பின் வரலாறாகும். 1911இல் வெளிவந்த முதற் குறும்படத்திற்கென அவர் ஏறத்தாழ 4,000 படங்களை வரைந்தார். மறு ஆண்டில் நுளம்பொன்றைப் பற்றிய படம் வந்தது. 1914இல் வந்த ‘கேர்ட்டி’ என்னும் டைனோசோர் படத்திற்கோ பல்லாயிரம் தாள்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு தாளிலும் விலங்கோடு அதன் பின்னணியிலுள்ள மலையையும் நீரையும் மீண்டும் மீண்டும் வரையவேண்டியிருந்தது. அப்பின்னணியைப் பிரதிசெய்தவர் ஜோன் பிற்ஸ்சிமன்ஸ் என்ற இளம் உதவியாளர். தாள்கள் பிசகாதிருக்க மூலைகளிற் குறிகள் இடப்பட்டன. விலங்கு மூச்சுவிடும் கால அளவைத் தம் மூச்சைக் கணித்தே மக்கே வகுத்தார் என்பர். மேடையில் அவர் சவுக்கோடு நின்று கட்டளையிட, திரையிலுள்ள கேர்ட்டி சிலவேளை பணிந்தது, சிலவேளை முரண்டு பிடித்தது, கடிந்துகொண்டபோது அழுதது. கோட்டுருவமொன்று தன் மனப்போக்கினாற் பார்வையாளரின் அன்பைப் பெற்றமையே இப்படத்தின் சாதனை.

இச்சாதனைக்குக் கிடைத்த பரிசு யாது? 1911 முதல் மக்கே, பத்திரிகைப் பேரரசர் வில்லியம் ரன்டொல்ப் ஹேர்ஸ்ற்றின் ஊழியர். ‘கேர்ட்டி’ மேடையேறிய அதே ஆண்டில் ஹேர்ஸ்ற் அவருடைய மேடை நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார். சித்திரக்கதைகளைக் கைவிட்டு ஆசிரியத் தலையங்கங்களுக்குப் படம் வரையுமாறு அவர் பணிக்கப்பட்டார். கனவுகளை வரைந்த கை, ஆர்தர் பிரிஸ்பேன் என்ற ஆசிரியரின் நீதிபோதனைகளுக்கு விளக்கப்படம் வரையும் கையாயிற்று. கலைஞனின் கை கலைஞனுக்கே உரியது என்று நம்புவோர் இவ்வொப்பந்தத்தை ஊன்றி நோக்குவாராக.

முரண்பாடு உச்சமடைவது 1918இல் வெளிவந்த ‘லூசித்தானியாவின் மூழ்கல்’ என்னும் படத்திலாகும். 1915 மே 7ஆம் நாள் ஜேர்மன் நீர்மூழ்கி அக்கப்பலைத் தாக்கியது; ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அமெரிக்கா போரில் இறங்குவதை ஹேர்ஸ்ற்றின் பத்திரிகைகள் எதிர்த்தன. கூலிக்காக மக்கே அக்கருத்துக்குப் படம் வரைந்தார். ஓய்வுநேரத்திலோ, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஜேர்மனிமீது சினமூட்டும் இப்படத்தை உருவாக்கினார். ஏறத்தாழ 25,000 படங்கள் செலுலோயிட் தாள்களில் வரையப்பட்டன. புகை, அலை, சரியும் கப்பல் ஆகியவற்றை அவர் தீட்டிய கம்பீரம் இன்றும் நெஞ்சை உலுக்குகின்றது.

எசமானனிடமிருந்து விடுபட்ட நேரத்திற் கலைஞன் உருவாக்கியது இது. ஆயினும் அவன் முழு விடுதலை பெற்றுவிட்டானா? படம் புகைப்படங்களோடு பெயர்சொல்லிக் காட்டுவது கோடீசுவரர் வண்டர்பில்ற், நாடகத் தயாரிப்பாளர் புறோமன் போன்ற பிரமுகர் நால்வரையே. கொதிகலன்களுக்கு நிலக்கரியிட்ட தொழிலாளருக்கும் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கும் பெயருமில்லை, முகமுமில்லை. அவர்கள் கப்பலிலிருந்து உதிரும் புள்ளிகள். இறுதியில் நீரில் அமிழும் தாயும் சேயும் நம் கண்ணீரைப் பெறுகின்றனர். அக்கண்ணீர் உடனே பகைமையாக மாற்றப்படுகின்றது. கப்பலில் இலட்சக்கணக்கான துப்பாக்கி ரவைகளும் ஏற்றப்பட்டிருந்தமை பற்றிப் படம் மௌனம் சாதிக்கின்றது. இம்மௌனம் நீர்மூழ்கியின் கொடுமையைக் குறைத்துவிடாது. ஆனால் பயணிகளையும் போர்ச் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றிய உலகத்தை அது நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது. எசமானன் கட்டளையிடாத போதும் ஆளும் வர்க்கத்தின் பார்வை கலைஞனின் கண்ணிற் குடிகொண்டிருத்தல் கூடும்.

மக்கே தம் வழிமுறைகளுக்குக் காப்புரிமை தேடவில்லை. 1914 முதல் ஜோன் பிறே போன்றோர் இத்துறையின் உத்திகளுக்குக் காப்புரிமை பெற்றுத் தொழிற்சாலை முறையிற் படங்களை உற்பத்தி செய்தனர். 1927இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த விருந்தொன்றிலே, கலையாகத் தாம் கருதியதை மற்றவர்கள் வியாபாரமாக்கிவிட்டனர் என அவர் கடிந்துகொண்டதாகக் கூறுவர். அவ்வேதனை நியாயமானதே. ஆயினும் வியாபாரம் அன்று புதிதாக நுழைந்த விருந்தாளியன்று. ஞாயிற்றுப் பக்கத்தின் முதற் கட்டத்திலிருந்தே அது அங்கு வீற்றிருந்தது.

மக்கேயின் ஆக்கங்களை நாம் புறக்கணித்தல் தகாது. அவரிடம் கற்கவேண்டியது ஏராளம்: கோட்டின் துல்லியம், காலத்தைப் பகுத்து அசைவாக்கும் பொறுமை, எளிய வடிவத்தின்மீது கொண்ட மதிப்பு. இன்று சித்திரக்கதை வரையும், குறும்படம் எடுக்கும் மாணவர் இவற்றைக் கற்பாராக. அவர் விட்டுச்சென்ற பணியும் ஒன்றுண்டு. கப்பலிலிருந்து உதிர்ந்த புள்ளிகளுக்கு முகம் தீட்டுவதே அப்பணி.