பெயரிடலும் பொருளறிதலும்: ‘ஃபன்னி போய்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ 1994 ஆம் ஆண்டு வெளிவந்தது. கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் குடும்பத்தோடு கனடாவிற் குடியேறிய ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இது. ஆறு கதைகளாற் கோக்கப்பட்டது. இதனைப் பற்றி நிலவும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் தன்பாலீர்ப்பு நாவல் என்பர். மற்றொரு சாரார் இனக்கலவர நாவல் என்பர். இரண்டும் பொய்யல்ல. ஆயின், பெயரைச் சொன்ன அளவிலே திறனாய்வு முடிந்துவிட்டதாகக் கருதுவதுதான் குறை. ஒருவர்மீது பெயர் எவ்வாறு சுமத்தப்படுகின்றது, யாராற் சுமத்தப்படுகின்றது என்பனவற்றையே பொருளாகக் கொண்ட நாவலுக்கு இக்கதி நேர்ந்தமை விநோதமே.

முதற்கதையை நுணுகி நோக்கின் இது தெளிவாகும். ஏழு வயதுச் சிறுவன் ஆர்ஜி, பாட்டன் வீட்டிலே ஒன்றுகூடும் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். மணப்பெண் வேடம் எப்பொழுதும் அவனுக்கே உரியது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மைத்துனி தனுஜா அவ்வேடத்தைத் தனக்குக் கேட்கிறாள். கிடைக்காதபோது, பெண்தன்மை கொண்ட ஆண்களை இகழும் ஆங்கிலச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அவன்மீது வீசுகிறாள். கூடியிருந்த பிள்ளைகளுக்கு அவற்றின் பொருள் சரிவர விளங்கவில்லை. அவளுடைய நோக்கமும் அவனைப் பற்றிய உண்மையொன்றைக் கூறுவதன்று. மணப்பெண் வேடத்தைக் கைப்பற்றுவதே. சேலையோடு அவன் பெரியவர்கள் முன்னிலைக்கு இழுத்துச் செல்லப்படும்போது மாமன் ஒருவர் ‘ஃபன்னி’ என்று கேலி செய்ய, சிரிப்பு எழுகின்றது. பின்னர் தந்தையின் வாயிலும் அதே சொல் ஒலிக்கின்றது. வேடிக்கையானது, விசித்திரமானது எனும் இரு பொருள்களையே அறிந்திருந்த சிறுவன், தந்தையின் குரலிலிருந்த அருவருப்புக்கு அவ்விரண்டும் பொருந்தவில்லை என்பதை உணர்கிறான். பொருள் பின்னரே வருகின்றது, வெறுப்பு முந்திவிடுகின்றது. நாவலாசிரியரின் வெற்றி இங்கேயே நிலைபெற்றுவிடுகின்றது எனலாம்.

இதே பொறிமுறை அரசியற் களத்தில் இயங்குவதை ‘ஸ்மோல் சொய்ஸஸ்’ என்னும் நான்காம் கதை காட்டுகின்றது. தந்தையின் நிறுவனத்திற் பணிபுரியவந்த ஜெகன் என்னும் தமிழ் இளைஞனிடம், மகனிடத்தே காணப்படும் சில ‘போக்குகள்’ குறித்துத் தந்தை கவலையோடு பேசுகிறார். அவனிடம் பிழையெதுவும் தமக்குத் தெரியவில்லை என்கிறான் ஜெகன். பெயர் சூட்ட மறுத்த அந்த ஜெகனே சிறிது காலத்திற் ‘புலி’ என்னும் பெயருக்கு இரையாகிறான். சந்தேகமே சான்றாகிவிட, அவனை வைத்திருப்பது தமக்கு ஆபத்து என்று தந்தை கணக்கிடுகிறார். ஆர்ஜி சேரும் பாடசாலையிலோ, அதிபர் தமக்குப் பிடிக்காத மாணவரை நாட்டின் வருங்காலச் சுமைகள் என ஒதுக்கிவைக்கிறார். பாலீர்ப்பு வேறு, இனம் வேறு, ஒழுங்கு வேறு. எனினும் பெயரிடுவோரின் சோம்பல் ஒன்றே. நாவலை இரு கூறாகப் பிரித்து ஆளுக்கொரு கூறை எடுத்துக்கொள்ளும் திறனாய்வு இவ்வொருமையைக் காணத் தவறிவிடுகின்றது.

இதனாற் பெயர்களே வேண்டா என்பது பொருளன்று. தன்னைப் போன்றோர் வேறு எவரும் இலர் என எண்ணுபவனுக்கு ஒரு பெயர் துணையாவதுண்டு. ஆர்ஜிக்கு அத்துணை சொல்லாக வரவில்லை. ஷெகான் என்னும் தோழனாக வருகின்றது. தன்னுள் உள்ள வேறுபாடு இன்னொருவனிடமும் உண்டு என்பதை அறிந்த பின்னரே தந்தையின் சொல்லுக்கு அவனால் விடைகாண முடிகின்றது.

நூலாசிரியர் தாமும் தன்பாலீர்ப்பினர் என்பது வெளிப்படையாக அறியப்பட்டதே. அதனைக்கொண்டு நூல் உண்மையானது எனத் தீர்ப்பளிப்பதும், அதனையே கொண்டு நூலைத் தள்ளுவதும் ஒரே தரத்து அபிப்பிராயங்களாம். அனுபவம் நாவலுக்குக் கருவை அளிக்கலாம், கட்டுக்கோப்பை அளிக்காது. பத்திரிகையாளரான டறில் என்பவரின் மரணத்தைச் சுற்றி நகரும் மூன்றாவது கதையிலே ஆர்ஜி வெறும் பார்வையாளனாகச் சுருங்கிவிடுகிறான். மர்மக்கதையின் விறுவிறுப்பு அவனது அகவுலகை மறைத்துவிடுகின்றது. ஆசிரியரின் அடையாளம் இக்குறையை நிரப்பாது. இக்குறைக்குக் காரணமும் ஆகாது.

தீபா மேத்தா 2020 ஆம் ஆண்டில் இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது, தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழரல்லாதார் ஏற்றமை பற்றிக் கடுங்கண்டனம் எழுந்தது. தமிழ் உரையாடலின் உச்சரிப்பைச் சுட்டிக்காட்டியோரின் கருத்து மதிப்புடையதாயிற்று; அதனைக் காதாற் கேட்டு எவரும் சோதிக்கலாம். இன்னார் தமிழர், இன்னார் அல்லர் என்பதோடு நின்ற கருத்துக்களுக்கு அப்பலம் இருக்கவில்லை.

தமிழிலே இந்நாவலைப் பேச முற்படுவோர்க்குச் சொற்சிக்கலொன்று உண்டு. நீண்டகாலம் வழங்கிவரும் ‘ஓரினச்சேர்க்கை’ செயலைக் குறிப்பது. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் செயலையே குறித்தன. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவிற் பெண்களையும் உள்ளடக்கிற்று. ஆனால் முதற்கதையில் எச்சேர்க்கையும் இல்லை. சேலையுடுத்த குழந்தையொன்றே உண்டு. அவனைக் கண்டு பெரியோர் அஞ்சியது எதனை என்பதை அச்சொல்லால் விளக்கவியலாது. பிற்காலத்து ‘தன்பாலீர்ப்பு’ கண்ணியமானது. செயலினின்றும் உணர்வுக்குப் பெயர்வது. எனினும், செல்வரத்தினம் குடும்பத்து வரவேற்பறையில் எழுந்த சிரிப்பை அதுவும் தாங்காது. பேச்சுத்தமிழிலே ‘அவன் ஒருமாதிரி’ என்று குரலைத் தாழ்த்திக் கூறும் வழக்கு உண்டு. என்ன மாதிரி என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டதாகப் பாவனை. தந்தை சொன்ன சொல்லுக்கு மிக நெருங்கிய தமிழ் அதுவே.