ஒரு நாய், இரண்டு விடைகள்

ஜென் கதை என்றதும் நம்மில் பலருக்கு, கோப்பை வழிய வழியத் தேநீர் ஊற்றும் குருதான் நினைவுக்கு வருவார். கதைக்கு அடியில் ஒரு நீதியும் அச்சாகியிருக்கும். அக்கதை புகழ்பெற்றது 1939இல் ஆங்கிலத்தில் வந்த தொகுப்பால். மடங்களில் பயிலும் கதைகள் வேறு. அவற்றைக் 'கோஆன்' என்பார்கள். மன்றத்து வழக்கு என்று பொருள். வழக்கில் நீதிபதி முன் பதில் சொல்லியாக வேண்டும். கோஆனில் குருவின் முன்.

நாய்க்குப் புத்த இயல்பு உண்டா என்று சீனத் துறவி ஜாவ்ஜோவிடம் கேட்டார்கள். ஜப்பானியர் ஜோஷு என்று அழைக்கும் அவர் ஒருவருக்கு உண்டு என்றும், மற்றொருவருக்கு இல்லை என்றும் சொன்னதாக 1224இல் உரையோடு நிறைவுற்ற 'சமநிலை நூல்' பதிவு செய்கிறது. நான்கே ஆண்டுகள் கழித்துச் சீனத் துறவி ஊமென் தொகுத்த 'வாயிலற்ற வாயில்' 48 வழக்குகளைக் கொண்டது. அதன் முதல் வழக்கும் இதே நாய்தான். ஆனால் 'உண்டு' காணாமற்போய், 'இல்லை' என்ற ஒற்றைச் சொல் மட்டும் நிற்கிறது. அந்தச் சொல்லோடு ஆறு ஆண்டுகள் போராடியவர் ஊமென். அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. இரவும் பகலும் பற்றிக்கொள்ள வேண்டிய சொல்லாக இருந்தது.

ஜென்னின் இரு மரபுகளின் வழி இங்கே பிரிகிறது. லின்ஜி மரபில் வந்த தாஹுய் இந்த ஒற்றைச் சொல் பயிற்சியை வலியுறுத்தினார். மௌனமாக அமர்வதே போதும் என்ற போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த மௌனத்தைப் போற்றிய சாவோதொங் மரபின் ஹொங்ஜி, இறக்கும்போது தம் காரியங்களைத் தாஹுய்யிடமே ஒப்படைத்தார். கருத்துப் போரை நட்பு தாங்கியது என்பது என் எண்ணம்.

சாவோதொங் மரபு ஜப்பானில் சோட்டோ ஆனது. அது கோஆனை ஒதுக்கியது என்பது தவறு. அங்கே அம்மரபை வேரூன்றச் செய்த டோகன் தாமே 300 வழக்குகளைத் தொகுத்தவர். ஜாவ்ஜோவின் இரு விடைகளையும் விரிவாக ஆராய்ந்தவர்.

லின்ஜி மரபின் ஜப்பானிய வடிவமான ரின்சாயில், 18ஆம் நூற்றாண்டின் துறவி ஹகுயினுக்குப் பின் பாடத்திட்டமே வகுக்கப்பட்டது. சீடன் தனியறையில் குருவைச் சந்தித்துத் தன் விளக்கத்தைச் செயலிலோ சொல்லிலோ காட்ட வேண்டும்; பின் அதற்குப் பொருந்தும் ஒரு வரியைப் பழைய இலக்கியத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும். விடைத் தொகுப்பு ஒன்று 1916இல் அச்சிலேயே வந்துவிட்டது. ஆயினும் தனியறைச் சந்திப்பு இன்றும் தொடர்கிறது.

இக்கதைகளைத் தமிழில் தருவோருக்கு ஒரு வேண்டுகோள்: அடியில் நீதி எழுதாதீர்கள். எந்தத் தொகுப்பில், எத்தனையாவது வழக்கு என்று மட்டும் குறியுங்கள்.