எண் சொல்வது ஈரத்தையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்பர். புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கியதும், கரிசல் மண்ணை ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்த்து, பதம் கண்டு விதைப்பது உழவர் வழக்கம். அந்தப் பதத்தைக் கைப்பேசியில் எண்ணாகக் காட்ட இன்று மாணவர் பலர் முயல்கின்றனர். முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் அவர்கள் பின்பற்றும் செய்முறைக் குறிப்புகளில் பல, எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்பதோடு நின்றுவிடுகின்றன. எதை அளக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை.

வழக்கமான கருவி, இஎஸ்பி 8266 சில்லு பொருந்திய வைஃபை பலகையும் இரு கவைகள் கொண்ட மலிவான மண் ஈர உணரியும் ஆகும். இவ்வுணரி நேரடியாக அளப்பது ஈரத்தை அன்று; கவைகளுக்கு இடையே உள்ள மண்ணின் மின்தடையை. ஈரம் கூடினால் தடை குறையும். உப்பு கூடினாலும் குறையும்! ஆகவே உரமிட்ட மண் உள்ளதைவிட ஈரமாகத் தோன்றும். கரிசல் காயும்போது வெடித்துக் கவையைவிட்டு விலகினால், இடையில் காற்று புகுந்து, எஞ்சிய ஈரமும் மறைந்துவிடும்.

பலகை மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றுகிறது. அதை நூற்றுக்குச் சுருக்கி, 'ஈரம் 60 சதவீதம்' என்று எழுதச் சொல்கிறார்கள். எதில் 60 பங்கு? விடையில்லை. சரியான சதவீதமே கிடைத்தாலும் மண்ணின் இயல்பு தெரியவேண்டும். எடையில் 15 சதவீத நீர் மணற்பாங்கான நிலத்துக்குத் தாராளம். கனத்த கரிசலிலோ களிமண் துகள்கள் நீரை இறுகப் பற்றிக்கொள்வதால், அதே அளவில் பயிர் வாடும்.

இணைப்பிலும் குறைகள் உண்டு. 8266 சில்லின் அளவீட்டு முனை 1 வோல்ட் வரைதான் ஏற்கும். நோடுஎம்சியு பலகையில் மின்தடைகள் அழுத்தத்தைப் பிரிப்பதால் 3.3 வோல்ட் வரை கொடுக்கலாம்; வெறும் சில்லுக்கு அவ்வாறு கொடுத்தால் பழுதாகலாம். இஎஸ்பி 32 பலகையில், வைஃபை இயங்கும்போது 25, 26, 27 போன்ற முனைகளில் அளக்க இயலாது. 32 முதல் 35 வரையுள்ள முனைகளே உகந்தவை. மேலும், இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பினால் கவைகள் அரித்துப்போகும். அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? உங்கள் நிலத்து மண்ணை 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். அதில் 500 கிராம் வீதம் மூன்று பங்கு எடுத்து, முறையே 50, 100, 150 கிராம் நீரைச் சீராகக் கலந்து, ஒரே அளவாக அழுத்துங்கள். இவை 10, 20, 30 சதவீத ஈரம். ஒவ்வொன்றிலும் பலகை காட்டும் எண்ணைக் குறித்து வரைபடம் வரையுங்கள். அந்த வரைபடம் அந்த மண்ணுக்கு மட்டுமே பொருந்தும்.

உழவரின் கை, அவருடைய மண்ணிலேயே பல்லாண்டு அளவுதிருத்தம் பெற்ற கருவி. திருத்தம் பெறாத நம் எண்ணை நம்பி அவர் விதைத்துவிட்டால், முளை கருகும். விதையும் உழவுக் கூலியும் வீண். கண்காட்சியில் பரிசு பெறுமுன், தராசின் முன் தேர்வு பெறட்டும் நம் கருவி!